சமையலறைக்குப் பின்னால் ஓடிய ஆறு

மார்ச் 4

இந்த நாட்குறிப்பு பேரிங் கடையில் இனாமாகக் கிடைத்தது. முதல் இரண்டு மாதப் பக்கங்களில் மச்சான் சதுர அடிக் கணக்குப் போட்டுத் தீர்த்துவிட்டார். மிச்சத்தை அக்கா என் கையில் கொடுத்தாள். "வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு குடுடா. சொல்லத் தோணுறதையெல்லாம் இதுல எழுதித் தள்ளு. காகிதம்னா திருப்பிக் கேள்வி கேக்காது."

எழுதுவதற்கென்ன, எனக்கா தெரியாது? எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து ஒரு நீதிபதியே நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார்.

சரி. நீதிபதி இல்லை. நீதிமன்ற வாசலில் தட்டச்சு அடிக்கிறவர். எழுந்தது மட்டும் உண்மை.

இன்று இரண்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். என் பட்டறைக் கொட்டகை முழுக்க வார்னிஷ் வாடை. சமையலறைப் பின்சுவரில் மறுபடி ஈரம் ஏறியிருக்கிறது என்று அக்கா புலம்பினாள். "ஆறுதான் உன்னைத் தேடி வருதுக்கா" என்றேன். வருஷக்கணக்காக நான் சொல்வதுதான். வருஷக்கணக்காக அவள் கரண்டியைத் தூக்குவதுதான்.

மார்ச் 11

தெருமுனையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். ஆற்றுக் கூட்டமைப்பு. நகராட்சி, காகித ஆலை, குடியிருப்போர் சங்கம், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கமாம். உலகத்தில் இப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மருந்துக்கடைக்காரர் தலைவர்.

எங்கள் தெருவுக்கு அந்தக் கோடியில் சிமென்ட் கால்வாய் இருக்கிறதே, அது ஒரு காலத்தில் ஆறு. ஆலை கட்டின சமயத்தில் ஆற்றின் வளைவை எடுத்துவிட்டு, நேராக வெட்டி, இரண்டு பக்கமும் சிமென்ட் பூசிவிட்டார்கள். அதற்கப்புறம் மழை வந்தால் தண்ணீர் வெறி பிடித்த மாதிரி ஓடிக் கீழ்த்தெரு வீடுகளுக்குள் இடுப்பளவு ஏறும். வெயில் வந்தால் கால்வாயில் நாய் படுத்துத் தூங்கும். கிணற்றில் வாளியை விட்டால் டங்கென்று பாறை பேசும். இப்போது அந்த வளைவை ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறார்களாம். தண்ணீர் நின்று நிதானமாகப் போகும், ஊற்று ஏறும், மீன், தவளை, பறவையெல்லாம் திரும்பி வரும் என்கிறார்கள்.

ஒரே சிக்கல், வளைவு எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய வரைபடங்கள் நகராட்சிக் கிடங்கில் இருந்தனவாம். ஒரு வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டன. ஆற்றின் வரைபடத்தை ஆறே தின்றுவிட்டது! அதனால் பழைய ஆட்களைக் கூப்பிட்டு நினைவிலிருந்து வரையச் சொல்லப் போகிறார்கள்.

பழைய ஆள் என்றால் இந்தத் தெருவில் என்னை விட்டால் யார்?

மார்ச் 16

இன்று என் நாள்.

ஐந்நூறு பேர் கூட்டம். (நாற்காலி நாற்பதுதான். ஆனால் ஒன்றுகூடக் காலி இல்லை.) வரைபடம் போடக் கூட்டமைப்பு அழைத்திருந்த மேடம் சின்னப் பெண். முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்திருந்தாள். வாயைத் திறந்தால் ஐயா, அம்மாதான். தரையில் பெரிய காகிதத்தை விரித்தாள். எல்லாத் தெருவும், எல்லா வீடும் அதில் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. நீல மார்க்கரை முதலில் முடிவெட்டுகிறவரிடம் கொடுத்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் மரியாதையாம். அந்த மனுஷன் ஆலையின் காலி மைதானம் வழியாக ஒரு கோடு இழுத்தார், தலையில் வகிடு எடுக்கிற மாதிரி. எல்லாரும் கை தட்டினார்கள்.

இன்னொருவனுக்குக் கை தட்டினால் என்னால் சும்மா உட்கார முடியுமா?

"கொஞ்சம் நிறுத்துங்க" என்று எழுந்து போய் மார்க்கரை வாங்கினேன். "ஆறுன்னா இப்படியா வகிடு எடுத்த மாதிரி போகும்? இங்க வந்து, இப்படி வயித்தைத் தள்ளிக்கிட்டு, எங்க அக்கா வீட்டுச் சமையலறைக்குப் பின்னாடி திரும்பும். ஜன்னல்ல கைய நீட்டினா மீன். இந்தா, இந்த இடத்துல ஒரு மடு. நான் நீச்சல் கத்துக்கிட்டதே அதுலதான்."

மேடத்தின் கண் விரிந்துவிட்டது. "எவ்வளவு ஆழம் இருந்துச்சுங்க ஐயா?"

நெஞ்சுவரை கையை வைத்துக் காட்டினேன். "ஓரத்துலயே இவ்வளவு. நடுவுல ஆளே முங்கிடும்."

ஒரு கல்லூரிப் பையன் போட்டோ எடுத்தான். மேடம் கோட்டுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினாள். அந்தக் காலத்தில் வீடே கிடையாதே, ஜன்னல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவும் மச்சானும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று. ஏனென்றால், நாங்கள் இந்த ஊருக்கு வந்தபோதே அது சிமென்ட் கால்வாய்தான். எனக்கு நீச்சலும் தெரியாது. வாளித் தண்ணீரையே மரியாதையோடுதான் அணுகுவேன். இதையெல்லாம் இங்கே எழுதினால் என்ன, காகிதம்தானே.

மார்ச் 17

முடி வெட்டப் போனேன். எனக்கு முன்னால் வந்தவர்களை எழுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

ஏப்ரல் 6

காலையில் மேடம் வந்தாள், கூட நான்கைந்து பேர். முளைக்குச்சி, நாடா, நீல ரிப்பன். வாசலில் நின்று, "வணக்கங்க ஐயா, நீங்க காட்டின கோட்டை அளக்க வந்தோம்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே நாடாவின் ஒரு முனையைப் பிடித்தேன். வேகமாக நடந்து போய், எங்கே பிடிக்கச் சொன்னார்களோ அங்கே பிடித்தேன். அது சமையலறை மூலை.

முளைக்குச்சி ஒன்று கொட்டகைக்கு முன்னால். ஒன்று கொய்யா மரத்துக்குப் பக்கத்தில். கடைசியில் சமையலறைச் சுவரில் நீல பெயிண்டால் ஒரு கோடு போட்டார்கள்.

மச்சான் கேட்டார், "இது என்னம்மா?"

"கரை இங்க வரும் ஐயா. உங்க வீடும் கொட்டகையும் வளைவுக்குள்ள வருது. கவலைப்படாதீங்க, நகராட்சியில மாத்து வீடு தர்றாங்க. மூணாவது மாடி. லிப்ட் இருக்கு."

நான் நாடாவைப் பிடித்தபடியே நின்றேன். விடச் சொல்லும்வரை விடவில்லை.

இந்த வீட்டை மச்சான் தன் கையாலேயே கட்டினார். அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். சமையலறைத் தரையில் ஒரு டைல்ஸ் போல இன்னொன்று இருக்காது. வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் மிச்சம் விழுந்ததைக் கேட்டு வாங்கி வந்து பதித்தது. மருத்துவமனைப் பச்சை, வங்கியின் கறுப்பு, யாரோ பணக்காரர் குளியலறையின் பூப்போட்டது. அடுப்புக்கு முன்னால் அக்கா நிற்கிற இடத்தில் மட்டும் வெள்ளை. அவள் கால் பதிந்து பதிந்து வழவழப்புப் போய்விட்டது.

அவர்கள் போனதும் அக்கா வெளியே வந்தாள். நீலக் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"டேய். நீ எங்கடா நீச்சல் கத்துக்கிட்ட?"

ஏப்ரல் 7

சாப்பிடவில்லை.

அதாவது, கொஞ்சம்தான் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 10

மருந்துக்கடைக்குப் போனேன். மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து சொன்னேன். "தலைவரே, நான் அன்னைக்குச் சொன்னது பொய். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எனக்கு நீச்சலே தெரியாது."

அவர் என்னை அப்படியே பார்த்தார். பாவம், நல்ல மனுஷன். எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"அண்ணே, வீட்டுல சத்தம் போட்டாங்களா?"

"போட்டாங்க. அது வேற. இது நிஜமாவே பொய்."

"புரியுதுண்ணே. வீடு போகுதுன்னா யாருக்குத்தான் மனசு ஆறும்? எல்லா ஊர்லயும் இப்படித்தானாம். முதல்ல உண்மையைச் சொல்லிட்டு, அப்புறம் வீட்டுக்காரங்களுக்குப் பயந்து மாத்திச் சொல்லுவாங்கன்னு மேடம் முன்னாடியே சொல்லியிருக்காங்க. உங்க மேல யாருக்கும் கோபம் இல்ல."

டீ வரவழைத்துக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறேன், அதைப் போய் நம்ப மாட்டேன் என்கிறார்களே! என்ன பண்றது நான்? டீயைக் குடிச்சுட்டு வந்தேன். வேற என்ன பண்றது?

ஏப்ரல் 13

முடிவெட்டுகிறவரைப் பிடித்தால் வேலை முடியும் என்று தோன்றியது. அவர் இந்த ஊரிலேயே பிறந்தவர். முதல் கோடு அவருடையது. கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன்.

"அண்ணே, உங்க கோடுதான் சரி. மைதானம் வழியாத்தான் ஆறு போச்சு. நீங்களே வந்து சொல்லிடுங்க."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இல்ல தம்பி. நான் யோசிச்சுப் பாத்தேன். நீதான் சரி. உங்க வீட்டுக்குப் பின்னாடிதான் திரும்புச்சு. அங்க ஒரு மடு இருந்துச்சு, ஆழமான மடு. இப்பக் கண்ணுக்குள்ள நிக்குது."

"எப்படிண்ணே நிக்குது? நான்தானே அதை உங்களுக்குச் சொன்னேன்? இதே நாற்காலில உக்காந்து, எத்தனை வருஷமா!"

"நீ சொன்னப்பத்தான் எனக்கு ஞாபகமே வந்துச்சு. ஜன்னல்ல கைய நீட்டினா மீன் மாட்டும். நான் பாத்திருக்கேன்."

கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. அவர் முகத்தில் பொய்யே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இருபது வருஷமாக நான் அளந்து விட்டதையெல்லாம் இந்தத் தெரு வாங்கி, பத்திரமாக வைத்து, தன்னுடையது என்று நினைத்துக்கொண்டுவிட்டது. இன்னும் எத்தனை பேர் தலைக்குள் என் மீன்கள் நீந்துகின்றனவோ.

ஏப்ரல் 27

இரண்டாவது கூட்டம். இந்தத் தடவை அக்கா வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. என் தம்பி வாயைத் திறந்தா பொய்தான். பத்துல ஒம்பது பொய், பத்தாவது மிகை. நாங்க வந்தப்பவே கால்வாய்தான் இருந்துச்சு. இவன் நனைஞ்சது மழையில மட்டும்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தேன், ஆமாம் ஆமாம் என்று. ஐம்பது பேருக்கு முன்னால் என் அக்கா என்னைப் பொய்யன் என்கிறாள், நான் கை தட்டாத குறை.

மேடம் பொறுமையாகக் கேட்டாள். "வீட்டைக் காப்பாத்தத்தான் சொல்றீங்கன்னு தெரியுதும்மா. தப்பில்ல."

அப்போது கீழ்த்தெருவில் இஸ்திரி போடுகிற அம்மா எழுந்தாள். "அக்கா, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. போன மழைக்கு என் மாமியாரைக் கட்டிலோட தூக்கி மேஜை மேல வெச்சோம். அவங்களால நடக்க முடியாது. தண்ணி மேஜைக் கால்ல ஏறுறதைப் பாத்துக்கிட்டே ராத்திரி பூரா உக்காந்திருந்தோம். எந்தப் பக்கமா வேணா ஆத்தைத் திருப்புங்க. ஆனா இந்த மழைக்குள்ள திருப்புங்க."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

இங்கே யாராவது ஒருத்தன் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். சட்டையைப் பிடிக்கலாம். எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். கெட்டவனைத் தேடினால் நான் ஒருத்தன்தான் அகப்படுகிறேன்.

கடைசியில் மேடமே ஒரு வழி சொன்னாள். மைதானத்தில் ஒரு குழி, எங்கள் கொல்லையில் ஒரு குழி. "ஆறு போன இடம்னா அடியில கூழாங்கல் இருக்கும். இல்லைன்னா வெறும் மண்ணுதான். மண்ணு என்ன சொல்லுதோ, அதையே எல்லாரும் ஒத்துக்குவோம்." அக்கா ஒத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், "பொழைச்சோம்டா" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அன்பாகத்தான். வலித்தது.

ஏப்ரல் 28

பொய் சொன்னதற்காக இவ்வளவு நிம்மதியாக என்றைக்கும் இருந்ததில்லை. அங்கே ஆறு இருந்ததே இல்லை. நான் சொன்னதால் மட்டும் வந்துவிடுமா?

மே 11

முதலில் மைதானத்தில் தோண்டினார்கள். மஞ்சள் களிமண். கீழே போனாலும் மஞ்சள் களிமண். முடிவெட்டுகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே, இங்க இல்லைன்னு" என்றார்.

அப்புறம் எங்கள் கொல்லை. கொய்யாவுக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். தெருவே வந்து நின்றது. முதலில் செங்கல் துண்டு, மச்சான் வீடு கட்டினபோது விட்டது. அப்புறம் கறுப்பு மண். அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மண்ணுதான். வெறும் மண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இயந்திரத்தின் சத்தம் மாறியது. மண்ணில் போகிற சத்தம் வேறு, கல்லில் உரசுகிற சத்தம் வேறு. அதன் வாளி மேலே வந்து கவிழ்ந்தது. மேடம் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். கூழாங்கல். முட்டை மாதிரி வழவழவென்று, உருண்டு உருண்டு தேய்ந்த கல். நடுவில் மணல். மணலில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள், வெள்ளையாக. கொஞ்ச நேரத்தில் குழியின் அடியில் தண்ணீர் ஊறி, வானம் அதில் தெரிந்தது.

"நான் சொன்னேன்ல!"

யார் கத்தினது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். கூட்டம் கை தட்டியது, விசிலடித்தது, முடிவெட்டுகிறவர் என்னைக் கட்டிப் பிடித்தார். கையை இறக்கியபோது அக்கா அங்கே இல்லை. கதவுநிலை மட்டும் இருந்தது.

மே 12

என் வாயைத் தைத்துவிடலாம்.

மே 15

யோசித்துப் பார்த்தால், அந்தச் சுவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஈரம், ஈரம், ஈரம். துணி துவைக்கிற கல் ஒவ்வொரு வருஷமும் ஒரு பக்கமாகச் சாயும், மச்சான் நிமிர்த்துவார். நான் அதைப் பார்த்துத்தான் ஆறு என்று ஒரு கதை கட்டினேன். நான் கட்டின கதைக்கு அடியில் ஆறு படுத்துக் கிடந்திருக்கிறது.

இதுக்கு நான் சந்தோஷப்படணுமா? வாழ்க்கையில ஒரே ஒரு உண்மை சொல்லியிருக்கேன். அதுவும் எனக்கே தெரியாம. அந்த ஒண்ணும் வீட்டைத் தின்னுடுச்சு.

ஜூன் 3

நகராட்சி, ஆலை அலுவலகம், மறுபடி மருந்துக்கடை. எல்லா இடத்துக்கும் போனேன். கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா, சமையலறையை மட்டுமாவது விட முடியுமா? எல்லா இடத்திலும் நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். "நீங்க இல்லைன்னா இந்த வேலை ஆரம்பிச்சிருக்கவே முடியாதுங்க" என்றார்கள். வயிறு முழுக்க டீ.

வீட்டில் அக்கா எனக்குத் தட்டை நகர்த்தும்போது பேசுவதில்லை. திட்டினால் பரவாயில்லை. திட்டுவதுமில்லை.

ஜூன் 19

இன்று மச்சான் சமையலறைத் தரையைப் பெயர்க்க உட்கார்ந்தார். புது வீட்டில் பதிக்கலாம் என்று. உளி, சுத்தியல், முழங்காலுக்குக் கீழே சாக்கு. நானும் உட்கார்ந்தேன்.

மருத்துவமனைப் பச்சை இரண்டாக உடைந்தது. வங்கிக் கறுப்பு நொறுங்கியது. பூப்போட்டதை ரொம்ப மெதுவாக, ஓரத்தில் தட்டித் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். நடுவில் விரிசல் ஓடியது. அக்கா கால் வைக்கிற வெள்ளையைத் தொடவே இல்லை.

சுத்தியலை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார்.

"நல்லா ஒட்டிட்டேன் மாப்ள" என்றார்.

அவ்வளவுதான். 

ஜூன் 24

சாமான் எல்லாம் ஏறியாகிவிட்டது. கொட்டகையைக் கூட்டினேன். இடிக்கப் போகிற இடத்தை எதற்குக் கூட்டினேன்?

ஜூலை 8

மூன்றாவது மாடி. லிப்ட் இருப்பது உண்மை. ஓடுவதுதான் இல்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கையை நீட்டித் தொடுகிற தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அக்கா அதைப் பார்த்தபடி காய் நறுக்குகிறாள். தரை முழுக்க ஒரே நிறம்.

பால்கனியில் ஒரு மோட்டாரை வைத்துக் காயில் கட்டினேன். வார்னிஷ் வாடைக்கு மேல்மாடியிலிருந்து ஆள் வந்துவிட்டார். மோட்டாரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். மாடிப்படியில் ஒருவர், "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். வழக்கமாக என்றால் அணைக்கட்டு மோட்டாருக்கே நான்தான் காயில் கட்டினேன் என்று ஆரம்பித்திருப்பேன். "ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17

இடித்துவிட்டார்களாம். முடிவெட்டுகிறவர் வேலை மெனக்கெட்டுப் படியேறி வந்து சொன்னார். தோண்டுகிறார்களாம், ஆலை வண்டி, நகராட்சி வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் நாற்று. கொய்யா மரத்தை மட்டும் விடச் சொல்லி மேடம் சண்டை போட்டாளாம், வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்று. "வந்து பாரேன் தம்பி. உன் ஆறு."

போகவில்லை. முழங்கால் வலி என்றேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 2

ஒன்றுமில்லை.

அக்டோபர் 14

மழை. விடாமல் மழை. ஜன்னலுக்கு வெளியே சுவர் நனைவதை மூன்று பேரும் பார்த்தோம். மச்சான் ஒரே ஒரு தடவை, "கீழ்த்தெரு என்னாச்சோ" என்றார்.

அக்டோபர் 16

இஸ்திரி போடுகிற அம்மா வந்தாள். கையில் ஒரு பை நிறையக் கொய்யா. எங்கள் மரத்துக் காய்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அக்காவிடம் போனாள்.

"தண்ணி வரலக்கா. வாசப்படி வரைக்கும்கூட வரல. வளைவுலயே நின்னு சுத்திச் சுத்திப் போச்சு. மாமியார் அவங்க கட்டில்லயே படுத்துத் தூங்கினாங்க."

அக்கா பையை வாங்கிக்கொண்டாள்.  அந்த அம்மா போன பிறகு ஒரு கொய்யாவை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் நான்காக வெட்டி, உப்புத் தொட்டு, ஒரு துண்டை என் தட்டில் வைத்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டேன்.

நவம்பர் 9

மேடம் போன் செய்தாள். கிணறுகளில் தண்ணீர் ஏறிவிட்டதாம். கரையில் ஒரு பலகை வைத்திருக்கிறார்களாம், படத்தோடு, என் வார்த்தையை அப்படியே போட்டு. "இந்த மடுவில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன்." துருப் பிடிக்காத தகடாம். நூறு வருஷம் நிற்குமாம்.

"அதை எடுத்துட முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் ஐயா? எழுத்துப் பிழை இருக்கா?"

"இல்லம்மா. எழுத்து எல்லாம் சரியா இருக்கும்."

டிசம்பர் 7

காலையில் அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "வாடா. போய்ப் பாத்துட்டு வரலாம்."

மச்சான் வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. நான் தரையைத் துடைக்கிறேன்" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பினோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் வானம் இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர். ஏதோ சமுத்திரம் என்று எழுத மாட்டேன். ஒரு லாரி குறுக்கே நின்றால் இரண்டு கரையிலும் சக்கரம் இருக்கும், அவ்வளவுதான் அகலம். ஆனால் ஓடியது. நாணல் நட்டிருந்தார்கள். தவளை சத்தம் கேட்டது. கொய்யா மரம் கரையில் தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அக்கா அதை அடையாளம் வைத்து, வலது பக்கம் கொஞ்சம் நடந்து, நின்றாள். எனக்குத் தெரியும், அதுதான் அடுப்புக்கு முன்னால் இருந்த இடம்.

தண்ணீருக்கு அடியில் ஏதோ மின்னியது. அது வெள்ளை டைல்ஸ் என்று எழுத ஆசைதான். பிஸ்கட் உறை.

பக்கத்தில் பலகை. அதில் நான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. குழி தோண்டின அன்று எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன்.

நீல நிறத்தில் ஒரு பறவை கொய்யாக் கிளையிலிருந்து தொப்பென்று விழுந்தது, தண்ணீரைத் தொட்டது, மறுபடி கிளையில் இருந்தது. வாயில் மீன் துடித்தது.

"என்னடா பறவை அது?" என்றாள் அக்கா. இத்தனை மாதத்தில் அவளாக என்னைக் கேட்ட முதல் கேள்வி.

எத்தனை பெயர் சொல்லியிருப்பேன், பழைய நான். எந்த நாட்டிலிருந்து வருகிறது, எத்தனை முட்டை இடும், என் தோளில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று.

"தெரியலக்கா" என்றேன்.

அப்போது வெளியூர்க்காரி மாதிரி ஒரு பெண், தோளில் பையோடு, பலகையைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"ஐயா, இது நீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா சொல்லிவிடுவாள், இவன் வாயைத் திறந்தால் பொய்தான் என்று. சொல்லட்டும் என்றுதான் நின்றேன்.

"ஆமா. என் தம்பிதான்" என்றாள் அக்கா. "இங்கதான் எங்க வீடு. நீங்க நிக்கிறது எங்க சமையலறை. ஜன்னல்ல கைய நீட்டினா மீனு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவும் இதே ஆழம்தானாங்க ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

 என் கை தானாக எழுந்தது, முழங்கால் வரைக்கும். அங்கேயே நிறுத்தினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சுவரைக்கும் தூக்கி வைத்தாள்.

"இவ்வளவு" என்றாள்.